மாமாவின் காருக்கு ஒரு கதவு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை என்பது எனக்கும் தெரியும்; அவர்களுக்கும் தெரியும். "உனக்குத் தெரிந்ததை எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு காருக்குக் கதவு வைத்த கதை. அதைத்தான் எழுதுகிறேன்.

காருக்குக் கதவு வைப்பது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். கதவோடு பிறந்த காருக்கு அது பெரிய காரியமன்று. கதவே இல்லாமல் பிறந்த காருக்குக் கதவு வைப்பது வேறு சங்கதி. வீட்டில் எந்தச் சுவர் உத்தரத்தைத் தாங்குகிறதோ அந்தச் சுவரையே இடித்து வாசல் வைப்பது போன்றது அது.

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கோயமுத்தூர் பீளமேட்டில் உள்ள என் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகள் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன் செய்தவர். பம்பும் மோட்டாரும் கோவையின் பெருமை என்று எல்லோரும் பேசுவார்கள். ஆனால் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அந்தப் பம்பின் உருவத்தை மரத்தில் கடைந்து, மணலில் பதித்து, மணல் உதிராமல் வெளியே எடுக்கும்படி செய்து கொடுக்க ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவர்தான் என் மாமா. அவரிடம் ஓர் அளவுகோல் உண்டு. அது மற்ற அளவுகோல்களைவிடக் கொஞ்சம் நீளம். வார்த்த இரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துக் கோடு கிழித்த கோல் அது. "உலகத்துல எதையும் சுருங்கும்னு நெனச்சே அளக்கணும் கண்ணு" என்பார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. அதில் இருந்தது அந்தக் கார். எவரோ அச்சில் எடுத்த கண்ணாடி இழை உடல் ஒன்றை, வெறும் கூடாக, பல ஆண்டுகளுக்கு முன் மாமா மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். கதவு இல்லை, கூரை இல்லை. நான்கு பக்கமும் வளைந்து உயர்ந்த ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஓய்வு பெற்றபின் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அதற்கு ஒரு சட்டம் செய்து, பழைய மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பின்பக்கத்தில் பொருத்தினார். என் அத்தை அதைக் கார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "உங்க தொட்டி" என்றுதான் சொல்லுவார்.

இந்தத் தொட்டிக் காருக்கு ஒரு குலமுறை உண்டு. கண்ணாடி இழையில் காரின் உடலைச் செய்யலாம் என்பதை 1953-இல் அமெரிக்காவில் செவ்ரோலே நிறுவனம் கார்வெட் என்ற காரை முந்நூறு செய்து காட்டியது. 1957-இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு அப்போது இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் இல்லாதிருந்தது. வரிக்குப் பயந்தே அந்நாட்டில் எத்தனையோ பேர் மெக்கானிக் ஆனார்கள். 1964-இல் கலிபோர்னியாவில் படகு கட்டும் புரூஸ் மேயர்ஸ் என்பவர், படகு செய்கிற அதே முறையில் கடற்கரை மணலில் ஓட ஒரு தொட்டிக் கார் செய்தார். மேயர்ஸ் மாங்க்ஸ் என்று பெயர். அதைப் பார்த்து நகல் எடுத்தவர்கள் கணக்கற்றவர்கள். காப்புரிமை வழக்கு நடத்தியும் அவரால் தடுக்க முடியவில்லை. மாமாவின் தொட்டியும் அந்த நகல்களின் பேரனோ கொள்ளுப்பேரனோதான்.

நம் நாட்டிலும் இந்தக் கலை இருந்தது. 1982-இல் பெங்களூரின் சிபானி நிறுவனம் டால்ஃபின் என்ற சிறு காரைக் கண்ணாடி இழை உடலோடு விற்றது. கோவையில் 1980-களில் கரிவர்தன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, பணக்காரர் விளையாட்டை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி செய்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இரும்புத் தகட்டில் கார் உடல் செய்யப் பெரிய அழுத்து எந்திரம் வேண்டும்; அச்சுக்கே பெருந்தொகை வேண்டும். கண்ணாடி இழைக்கு வேண்டியவை ஓர் அச்சு, ஒரு தூரிகை, ஒரு வாளி, பொறுமை. முதல் மூன்றும் கடையில் கிடைக்கும்.

கதவுக்கு வருகிறேன். 2023-இல் அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு அவரால் காலை உயரத் தூக்க முடியாது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் மாமாவின் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாமாவும் அத்தையும் அந்தத் தோப்பின் வாய்க்கால் கரையில் மாலை வேளையில் நடப்பார்களாம். இப்போது நடக்க முடியாது. அந்தக் கரையில் அத்தையை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காகவே மாமா அந்தக் காரைச் செய்து முடித்திருந்தார். எல்லாம் முடிந்ததும் அத்தை கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாஞ் செரி, நான் எப்படிங்க ஏறுறது?"

தொட்டியின் சுவர் தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரம்.

நான் போனபோது மாமா இந்தக் கேள்வியோடுதான் இருந்தார். இதற்கிடையே அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. காபித் தம்ளரை இரு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். "என்ற கை இப்ப என்ற பேச்சக் கேக்கறதில்ல கண்ணு. நீதான் வெட்டோணும்" என்றார். எந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் மூன்று பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்துவிட்டு, "செரி, மொதல்ல முட்டுக் குடு" என்றார்.

அது முதல் பாடம். தொட்டி போன்ற உடலில் பக்கச் சுவர்தான் விறைப்பைத் தருகிறது. அதை வெட்டினால், உள்ளே அடங்கிக் கிடந்த இழுவிசை விடுபட்டு உடல் கோணும். கோணிய பிறகு எந்தக் கதவும் சேராது. ஆகவே வெட்டுவதற்கு முன்னே, வாசல் வரப்போகும் இடத்துக்குக் குறுக்கே மரச்சட்டங்களைத் திருகி இறுக்கினோம். வாசலைச் சுற்றி ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயை வளைத்து, அடிச்சட்டத்தோடு பற்றவைத்தோம்.

இரண்டாம் பாடம் மூலை. நான் அழகாக நேர்மூலையாகக் கோடு போட்டிருந்தேன். மாமா தலையசைத்தார். வார்ப்பில் உள்மூலை கூர்மையாக இருந்தால் இரும்பு ஆறும்போது அங்கேதான் வெடிக்கும். அதனால் பேட்டர்ன்காரர்கள் மூலைகளை மெழுகு வைத்தாவது வளைத்துவிடுவார்கள். வகுப்பில் நான் 'தகைவுச் செறிவு' என்று படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதும் இதுவே. கோடு போடும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை! நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை ரம்பம் ஓட்டினோம். வெட்டி எடுத்த துண்டே கதவாயிற்று.

கண்ணாடி இழைத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்குக்கு முகமூடி போட்டாலும் கழுத்துக்கும் முழங்கைக்கும் என்ன போடுவது? இரவெல்லாம் அரிக்கும். வெந்நீரில் குளித்தால் இன்னும் மோசம். முதலில் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றவேண்டும். "செந்தட்டிச் செடிக்குள்ள உருண்டு வந்தவனாட்ட இருக்கறே" என்று அத்தை சிரித்தார்.

வாசல் வைத்த பிறகும் உள்தளம் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் இருந்தது. அத்தைக்கு அதுவும் அதிகம். ஆகவே வாசலுக்குக் கீழே வெளிப்புறம் நான்கு அங்குலம் நீட்டிக்கொண்டு ஒரு படி வைக்கத் தீர்மானித்தோம். மாமா மரத்தில் அச்சுச் செய்தார். நடுங்கும் கையால் மூன்று நாள் எடுத்துக்கொண்டு செய்தார். அதில் மெழுகு பூசி, இழை விரிப்பை ரெசினில் தோய்த்து அடுக்கி, படியை வார்த்தேன். அதைக் காரின் பக்கவாட்டில் ஒட்டி, நான்கு அடுக்கு விரிப்பால் பிணைக்க வேண்டும். அத்தை ஏறும்போது அவர் முழு எடையும் ஒரு கணம் அந்தப் பிணைப்பின் மீது நிற்கும்.

இந்த வேலையின் நுட்பத்தைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும். பாலியெஸ்டர் ரெசின் தேன் போல இருக்கும். அதில் கோபால்ட் முடுக்கியும் பெராக்ஸைடு இறுக்கியும் சேரவேண்டும். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்கவேண்டும். இறுக்கி நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை. வெயில் நாளில் ஒன்றே போதும். இறுகும்போது ரெசின் தானே சூடாகும். குவளையில் குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியின்றி விரைவில் கட்டியாகிவிடும். பழைய உடலின் மேல் புதிய அடுக்கு பிடிக்க வேண்டுமானால், பழையதைப் பளபளப்புப் போய் இழை தெரியும் வரை தேய்க்கவேண்டும். இணைப்பில், தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் சரிவாகத் தேய்ப்பது நல்லது. நான்கு மில்லிமீட்டர் உடலுக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரும். மாமா பென்சிலால் இரண்டு அங்குலத்துக்கே கோடு போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அத்தையை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

பிற்பகல் இரண்டு மணி. தகரக் கொட்டகையில் 38 டிகிரி. தேய்க்கத் தேய்க்கத் தூள் பறந்து கழுத்தில் ஒட்டியது. மாலை ஆறு மணிக்கு நண்பர்கள் சினிமாவுக்கு அழைத்திருந்தார்கள். இரண்டு அங்குலம் தேய்க்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் தேய்த்தேன். விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியை நூற்றுக்கு இரண்டாக ஊற்றினேன். நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டேன். மூன்றாவது அடுக்கு போடும்போதே குவளை புகைந்தது. ரெசின் தயிராகி, தூரிகை நட்டுக்கொண்டு நின்றது. விரிப்பின் அடியில் நனையாத இழை வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் சில இடங்களில் மெத்தென்று இருந்தது.

அப்போதே பிய்த்து எறிந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டி பார்த்தேன். பெயிண்டர்கள் மேடு பள்ளம் நிரவுவதற்குப் பூசுகிறார்களே, அந்தப் பட்டிதான். கனமாகப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடிபோல ஆயிற்று. கோடு, வெள்ளை, மெத்து ஒன்றும் தெரியவில்லை. கை கழுவிவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மாமா கொட்டகைக்கு வந்தார். தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குதே!" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, குனிந்து, விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனார். உள்ளே பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் செத்துப்போகும். டிங், டிங், டிங் என்று வந்தது. படியின் இடது ஓரம் வந்ததும் 'தப், தப்' என்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ணு சொல்லுது?"

"அங்க பட்டி கொஞ்சம் கனமா இருக்குதுங்க மாமா. வேற ஒண்ணுமில்லீங்க."

"அப்படியா, செரி" என்று காசைப் பையில் போட்டுக்கொண்டார். நாளை மறுநாள் பெயிண்ட் அடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் ஏற்றித் தோப்புக்குக் கொண்டு போகலாம் என்றார்.

அன்று முழுவதும் நான் என்னோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றது ஒரு மனம். நாற்பது ஆண்டு வார்ப்பைத் தட்டிப் பார்த்தவருக்கா தெரியாது? தெரிந்தும் அவர் பேசாமல் இருக்கிறார் என்றால், அவ்வளவு பெரிய குறையில்லை என்றுதானே பொருள்? பெரியவரே விட்டுவிட்ட பிறகு நாம் ஏன் கிளறவேண்டும்? இப்படிச் சொல்லிக்கொண்டபோது சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. என் பொய்க்கு அவரையே பங்காளியாக்கிவிட்டேன்!

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் படுத்திருந்தேன். அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். இரண்டே படி. ஒவ்வொரு படியிலும் முதலில் தடி, பிறகு ஒரு கால், பிறகு ஒரு மூச்சு, பிறகு அடுத்த கால். வழுக்கிவிடுமோ என்று அவர் கண்ணில் இருந்த பயத்தை அன்றுதான் பார்த்தேன். அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை.

மாமா உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேய்க்காததையும், இரண்டு பங்கு ஊற்றியதையும், வெள்ளை இழையையும், பட்டியையும் சொன்னேன். "நீங்க தட்டறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க..." என்று முடித்தேன்.

மாமா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"தெரியாது கண்ணு" என்றார். "எனக்கு எல்லா எடமும் ஒரே மாதிரித்தான் கேட்டுச்சு. பட்டறைச் சத்தத்துல காது போய்ப் பத்து வருசமாச்சு. அதனாலதான உன்னக் கேட்டேன், என்ன சொல்லுதுன்னு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் என்னைச் சோதிக்கவில்லை. மிரட்டவில்லை. காசைத் தட்டியது அவர் கை. கேட்கவேண்டிய காது என்னுடையது. கை நடுங்குகிறது என்று என் கையைக் கடன் வாங்கியவர், காதையும் கடன் வாங்கியிருந்தார். கடன் கொடுத்த இடத்தில் நான் கள்ளக்காசைக் கொடுத்தேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "காலைல வெயில் ஏறுறதுக்கு முன்ன ஆரம்பிக்கணும். படுத்துக்கோ" என்றார்.

காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கினோம். பட்டியைக் கழித்ததும் அடுக்கு அப்படியே உரிந்து வந்தது, வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல! அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பென்சில் கோடு வரை இரண்டு அங்குலம் தேய்த்தேன். அசிட்டோன் போட்டுத் துடைத்தேன். நூற்றுக்கு ஒன்று மட்டும் இறுக்கி. இரண்டு அடுக்கு போட்டு, உருளையால் காற்றை வெளியேற்றி, இறுகிச் சூடு ஆறியபின் மேலும் இரண்டு. ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினேன். "உன்ற கணக்கு செரியாத்தான் இருக்கும், இருந்தாலும் கொஞ்சம் இரும்பும் இருக்கட்டும்" என்று மாமா படிக்கு அடியில் இரண்டு இரும்புக் கோணங்களை வைத்து அடிச்சட்டத்தோடு போல்ட் போடச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் அவர் காசை என் கையில் கொடுத்தார். நான் தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வோர் இடத்திலும் என்ன கேட்கிறது என்று அவருக்கு உரக்கச் சொன்னேன். கதவின் கீல் பக்கத்தில் ஒரு சிறு இடம் மந்தமாகக் கேட்டது. அதையும் சொன்னேன். அதையும் பிரித்துச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறிப்போய் அடுத்த ஞாயிறு ஆயிற்று.

இந்தக் கார் சாலைக்கு வராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நியாயந்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என்னைப் போலப் பட்டி பார்ப்பவர்கள் எத்தனை பேரோ! ஆகவே மினி லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கொண்டு போய்த் தோப்புக்குள்ளேயே இறக்கினோம்.

அத்தை கதவைத் திறந்தார். தடியை என்னிடம் கொடுத்தார். ஒரு கையால் மாமாவின் தோளையும் மறு கையால் வாசல் குழாயையும் பிடித்துக்கொண்டு படியில் காலை வைத்தார். முழு எடையும் அதன்மேல் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சிறு முனகல்கூட இல்லை. உள்ளே உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "கதவு கீழ் மூலைல சேரலையே" என்றார். உண்மைதான். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. சட்டங்களைக் கழற்றியதும் உடல் கொஞ்சம் அசைந்திருந்தது. "அது அப்படித்தான் இருக்குமுங்க அத்தை" என்றேன். "செரி, இருக்கட்டும்" என்றார். வாய்க்கால் கரையில் மாமா முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போனார். தென்னைகளுக்கு நடுவே எஞ்சின் சத்தம் குறைந்து குறைந்து போயிற்று. அரை மணி கழித்துத்தான் திரும்பி வந்தார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் மாணவர் பந்தயக் கார்க் குழுவில் இருக்கிறீர்கள். கண்ணாடி இழையைக் கையாளுகிறீர்கள். உங்களுக்கு இரண்டு சொல்: கோடு போட்ட அகலம் முழுதும் தேய்த்துவிடுங்கள், வெயிலில் இறுக்கியைக் குறையுங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை ஒன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு புள்ளி மட்டும் வரைகோட்டில் விழாமல் தள்ளி நிற்கும்போது, அதைச் சற்றே இழுத்து வைத்துவிடலாமே என்று எனக்கு இன்றும் கை போகிறது. அப்போதெல்லாம் "என்ன கண்ணு சொல்லுது?" என்று காது கேளாத ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். புள்ளியை அது நின்ற இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.